கார்லிஸ் டேட்டின் முறை

பட்டமளிப்பு விழா அலுவலகத்திலிருந்து போனில் பேசிய ஆளை நான் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டேன். பாவம், அவன்மேல் தப்பில்லை. அவன் சொன்ன செய்தி அப்படி.

"மேடம், கார்லிஸ் டேட் உங்களுக்கு ஹூட் மாட்ட முடியாது. அவங்க டாக்டர் இல்ல."

"யாரு இல்ல?"

"கார்லிஸ் டேட். அவங்க இன்னும் மாணவிதான். வர்ற ஆகஸ்டுக்குள்ள ஆய்வேடு கொடுக்கலைன்னா பதிவே ரத்தாயிடும். மறுபடியும் முதல்லேருந்து பரீட்சை எழுதணும்."

"இங்க பாருங்க, உங்க கம்ப்யூட்டருக்குக் காய்ச்சல் அடிக்குதுபோல. முதல்ல அதுக்கு வைத்தியம் பாருங்க. எங்களையெல்லாம் டாக்டராக்கினதே அவங்கதான். அவங்க டாக்டர் இல்லன்னா இந்தக் கிளீவ்லாண்டுல எவளுமே டாக்டர் இல்ல!"

அவன் பொறுமைசாலி. பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னான். அவளுக்குப் பல்கலைக்கழகத்துப் பார்க்கிங் ஆபீசில் வேலை என்றும் சொன்னான். சொல்லக் கூடாததையெல்லாம் சொல்லிவிட்டோம் என்று அவனுக்கு அப்புறம்தான் உறைத்திருக்கும்; சட்டென்று போனை வைத்துவிட்டான். நான் போனைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன். அடுப்பில் வைத்த முட்டை வெடித்துச் சுவரெல்லாம் தெறித்தது. அதைக்கூடத் துடைக்கத் தோன்றவில்லை.

ஹூட் என்பது டாக்டர் பட்டம் வாங்குகிறவர்களுக்கு மேடையில் கழுத்து வழியாக மாட்டி முதுகில் தொங்கவிடும் வெல்வெட் பட்டை. அதை நாமே எடுத்து மாட்டிக்கொள்ள முடியாது. ஏற்கெனவே டாக்டர் ஆனவர்தான் மாட்டிவிட வேண்டும். வழக்கமாகக் கைடு மாட்டுவார். என்னுடைய கைடு வேறு ஊரில் வேலை கிடைத்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். விழாவுக்கு வர முடியாது என்று இரண்டு வரியில் சொல்லியும் விட்டார். எனக்கு அதில் துளி வருத்தமில்லை. அவர் போனால் போகட்டும், என் கழுத்தில் ஹூட் மாட்ட கார்லிஸ் டேட்டைவிடத் தகுதியான கை எது?

கார்லிஸை நான் முதலில் பார்த்தது பார்க்கிங் கட்டிடத்தின் மூன்றாவது மாடியில். காருக்குள் உட்கார்ந்து ஓவென்று அழுதுகொண்டிருந்தேன். கிளீவ்லாண்டின் கிழக்குப் பக்கத்துக் கறுப்புக் குழந்தைகளுக்கு ஆஸ்துமா ஏன் அதிகம் வருகிறது என்று நான் எழுதியிருந்ததைப் படித்த கைடு, "இது ஆராய்ச்சி இல்ல, கோபம்" என்று சொல்லியிருந்தார். கண்ணாடியை யாரோ தட்டினார்கள். அபராதச் சீட்டுக் கட்டோடு, நீலக் கோட்டு போட்ட ஒரு பெரிய உருவம்.

"இங்க நிறுத்தக் கூடாது. வண்டிய எடு. அதுக்கு முன்னால மூக்கைச் சிந்து."

சிந்தினேன்.

"எந்த டிபார்ட்மென்ட்டு?"

சொன்னேன். யார் கைடு என்று கேட்டாள். அதையும் சொன்னேன். "ஓஹோ, அந்த ஆளா" என்று ஒரு இழு இழுத்தாள். பிறகு சீட்டைக் கிழிக்காமல் பையில் போட்டுக்கொண்டாள்.

"சனிக்கிழமை காலைல என் வீட்டுக்கு வா. வெறும் வயித்தோட வா. எழுதினதையும் கொண்டு வா, டாக்டர்."

"நான் டாக்டர் இல்லைங்க. ரெண்டாவது வருஷம்தான்."

"நான் கேட்டனா?"

இதுதான் அவளுடைய வழக்கம். அவள் வீட்டு மேசையைச் சுற்றி உட்காருகிற ஒவ்வொருத்தியும் முதல் நாளிலிருந்தே டாக்டர். என்னை, டாக்டர் மாட்லி, கீரையை இந்தப் பக்கம் தள்ளு என்பாள். டாக்டர் ரொசாடோ, உன் இரண்டாவது அத்தியாயம் வளவளன்னு இருக்கு. யாராவது கூச்சப்பட்டால் கார்லிஸ் விடமாட்டாள். "வெளியில என்னவாம்? நூலகத்துல காவலாளி உன்னோட அடையாள அட்டையை ரெண்டு தடவை கேக்குறான். கேன்டீன்ல எவனோ சாப்பிட்ட தட்டை உன் கையில நீட்டுறான். காதுக்குப் பழக்கம் வேணாமா? பட்டம் வர்ற அன்னைக்கு யாரையோ கூப்பிடுறாங்கன்னு திரும்பிப் பாத்துட்டு நிப்பியா?" என்பாள். நாங்களும் அவளை டாக்டர் என்றுதான் கூப்பிட்டோம். டாக்டர் டேட். வேறு எப்படிக் கூப்பிடுவது?

காலை உணவு முடியும் நேரத்தில் முறை சுற்றும். ஜன்னலோரத்தில் தொடங்கி ஒவ்வொருத்தியாக அந்த வாரம் என்ன எழுதினாள் என்று சொல்ல வேண்டும். "ஒண்ணும் எழுதலை" என்று சொல்லக் கூடாது. ஒரு வாக்கியம் எழுதியிருந்தாலும் அதைப் படித்துக் காட்ட வேண்டும். கார்லிஸ் கோழியைப் புரட்டிப் போட்டபடியே கேட்பாள். கரண்டியை நீட்டி, "அந்த இடத்துல பயந்துட்ட, பாத்தியா? யாருக்குப் பயந்த?" என்பாள். கேட்ட மாத்திரத்தில் நமக்கே தெரியும், யாருக்குப் பயந்தோம் என்று. அவளுடைய நாற்காலி அடுப்புக்குப் பக்கத்தில், வட்டத்தின் கடைசியில். அவள் முறை வருவதற்குள் சோள ரொட்டி வெந்துவிடும். அவள் எழுந்துவிடுவாள். சனிக்கிழமை தவறாமல் அந்த ரொட்டி அதே நேரத்துக்குத்தான் வேகும். எங்களில் ஒருத்திக்காவது அது உறைத்ததா? எல்லோரும் ஆராய்ச்சியாளர்கள்! எங்கள் மூளையை என்னவென்று சொல்ல!

பட்டமளிப்பு விழாக்களில் கைதட்டாதீர்கள், பெயர்கள் எல்லாம் முடியட்டும் என்று மேடையிலிருந்து கெஞ்சுவார்கள். கார்லிஸ் டேட் காதிலேயே வாங்கமாட்டாள். எங்களில் ஒருத்தியின் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து நின்று, கூரை அதிர ஒரு கத்து கத்துவாள். "அது எங்க டாக்டரு! எங்களுது!" இத்தனை பேரை அனுப்பிவைத்தவள், ஒரு தடவைகூட மேடைக்கு வந்து ஹூட் மாட்டியதில்லை. கேட்டால், "நான் மேல வந்துட்டா கீழ யாருடி கத்துறது?" என்பாள். அதையும் நம்பினோம்.

ஒரு டாக்டர் ஏன் பார்க்கிங் ஆபீசில் அபராதச் சீட்டுக் கிழிக்கிறாள் என்று யாரும் யோசிக்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். சொன்னால் வெட்கம். எங்களுக்கு அது வினோதமாகவே படவில்லை. படித்த கறுப்புப் பெண்ணுக்கு இந்த ஊர் வேறு என்ன வேலையைத் தூக்கிக் கொடுத்துவிடப்போகிறது என்று, யாரும் வாய்விட்டுச் சொல்லாமலேயே நாங்கள் எல்லோரும் ஒத்துக்கொண்டிருந்தோம்.

சுவரில் ஒட்டிய முட்டையைச் சுரண்டிவிட்டு இவெலீஸுக்குப் போன் போட்டேன். இவெலீஸ் ரொசாடோ லொரெய்ன் ஊரைச் சேர்ந்த போர்ட்டோ ரிக்கோக்காரி. கார்லிஸின் மேசையில் உட்கார்ந்து பட்டம் வாங்கியவள். இப்போது பக்கத்தில் ஒரு கல்லூரியில் பேராசிரியை.

"காலங்காத்தால குடிச்சிருக்கியா?" என்றாள்.

"இல்லடி. சத்தியமா."

"என்னோட ஆய்வேட்டை மூணு தடவை திருப்பி எழுத வெச்சாங்க. மூணு தடவை! அவங்க டாக்டர் இல்லையா?"

சனிக்கிழமை நேரிலேயே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தோம்.

அந்தச் சனிக்கிழமை ஏப்ரல் மாதத்திலும் பனி கொட்டியது. மற்றவர்கள் யாரும் வரவில்லை. மேசையில் நாங்கள் மூன்று பேர்தான். புகை போட்ட வான்கோழிக் கழுத்து போட்ட கீரை, கோழி, குழம்பு. எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. இவெலீஸ் தன் முறையைச் சொன்னாள். என்ன சொன்னாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. நான் என் முறைக்கு ஏதோ உளறினேன். கார்லிஸ் மேசையில் கையை ஊன்றி எழுந்தாள்.

"உட்காருங்க," என்றேன்.

"ரொட்டி கருகிடும்."

"கருகட்டும். உங்க முறை, டாக்டர். இந்த வாரம் என்ன எழுதினீங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். இவெலீஸைப் பார்த்தாள். உட்கார்ந்தாள். அந்தப் பெரிய உடம்பு சோபையில்லாமல் நாற்காலிக்குள் ஒடுங்கிப்போனதைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. கேட்டிருக்கவே கூடாதோ என்று நினைத்தேன். ரொட்டி கருகும் வாசனை வந்தது. யாரும் எழவில்லை.

"யாரு சொன்னா?"

"யாரு சொன்னா என்ன? ஏன் எங்ககிட்டப் பொய் சொன்னீங்க?"

"பொய்யா?" அவள் குரல் உயர்ந்தது. "நான் பட்டம் வாங்கிட்டேன்னு என்னைக்காவது சொன்னேனா? யோசிச்சுச் சொல்லு. ஒரு நாள்? ஒரு வார்த்தை?"

யோசித்தேன். இவெலீஸும் கூரையைப் பார்த்து யோசித்தாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் சொன்னதே இல்லை. நாங்களாக அவளை டாக்டர் என்று கூப்பிட்டோம், நாங்களாக நம்பினோம், அவளைக் கேட்காமல் விட்டோம்.

பிறகு அவளாகவே சொன்னாள். ஆய்வேட்டில் நான்கு அத்தியாயங்கள் எப்போதோ முடிந்துவிட்டன. தெற்கு மாநிலங்களில் வெள்ளையர் பள்ளிகளையும் கறுப்பர் பள்ளிகளையும் ஒன்றாக்கியபோது, வேலையைப் பறிகொடுத்த கறுப்பு ஆசிரியைகளைப் பற்றிய ஆய்வு. ஐந்தாவது அத்தியாயம் அவளுடைய அம்மா ரோசெட்டாவின் ஊர். ஜார்ஜியாவில் ஒரு சின்ன ஊர். பிள்ளைகளை மட்டும் புதுப் பள்ளிக்கு எடுத்துக்கொண்டு ரோசெட்டாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் மகளைக் கூட்டிக்கொண்டு கிளீவ்லாண்டுக்கு வந்து ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை பார்த்தாள். தரையைக் கூட்டுவாள், கக்கூஸ் கழுவுவாள். கரும்பலகையை மட்டும் துடைக்க மாட்டாள். அதற்காக வாரா வாரம் திட்டு வாங்குவாள். அப்போதும் துடைக்க மாட்டாள்.

"அதை எழுதிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். என் கைடு படிச்சுட்டு, 'இது ஆராய்ச்சி இல்ல, ஒரு மகளோட மனத்தாங்கல். வேற யாரோட அம்மாவையாவது கண்டுபிடி'ன்னாரு. வேற யாரோட அம்மா! அன்னைக்கு வீட்டுக்கு வந்து அதை மூடி வெச்சேன். அப்புறம் அம்மா படுத்துட்டாங்க. உதவித்தொகை நின்னுச்சு. பார்க்கிங் ஆபீஸ்ல வேலை கிடைச்சுது. அந்தாளும் ஓய்வு வாங்கிட்டுப் போயிட்டாரு. எனக்கு வேற யாரையும் போடலை. யாரும் கேக்கவும் இல்ல. அதுக்குள்ள உங்களை மாதிரி ஒவ்வொருத்தியா கார்ல உக்காந்து அழ ஆரம்பிச்சீங்க."

"அதுக்காக?"

"அதுக்காக என்ன? போகட்டும் விடு. நீங்கல்லாம் வாங்கிட்டீங்கல்ல. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானே வளரும்பாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எங்க வளர்ந்துச்சு? காட்டுங்க பாக்கலாம்! ஊட்டின பிள்ளையெல்லாம் மேடையேறிப் போயிடுச்சு. உங்க பிள்ளை அலமாரில கிடந்து செத்துட்டு இருக்கு!"

"டெல்ஃபீன், போதும்டி," என்றாள் இவெலீஸ்.

"போதாது. மே மாசம் நான் மேடை ஏறமாட்டேன். டிசம்பர் விழாவுல ஏறுவேன். நீங்க ஆகஸ்டுக்குள்ள முடிச்சுட்டு வந்து எனக்கு ஹூட் மாட்டுங்க. நீங்க மாட்டலைன்னா இந்தக் கழுத்துக்கு ஹூட்டே வேண்டாம்."

கார்லிஸ் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். "உனக்கென்ன பைத்தியமா? உங்கம்மா தொப்பி வாங்கிட்டாங்களே!"

ஆம், விழாவுக்குப் போட்டுக்கொள்ள அம்மா தொப்பி வாங்கிவிட்டாள். ஊதா நிறத்தில், இறகு வைத்தது. தேவாலயச் சபையிலிருந்து வேன் பிடித்து ஆட்களைக் கூட்டி வர ஏற்பாடும் செய்திருந்தாள். என் அம்மா ஆர்லீன் மாட்லி சபையில் அஷர், வருகிறவர்களை உட்காரவைத்து ஒழுங்கு பார்க்கிறவள். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு கதவோரம் நின்று, குசுகுசுவென்று பேசுகிறவர்களைக் கண்ணாலேயே அடக்குகிறவள். தன் வாழ்நாளில் ஒரு பொது இடத்தில் குரலை உயர்த்தியதில்லை. கார்லிஸ் விழாவில் கத்துவதைக் கேட்டாலே அவளுக்கு உடம்பு கூசும்.

"அந்தக் கத்துற பொம்பளைக்காகவா?" என்றாள். "சபை முழுக்கச் சொல்லிட்டேனேடி. நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு உள்ள போவேன்?"

அதற்குப்பின் அவள் என்னோடு நேராகப் பேசவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் குளிர்சாதனப் பெட்டியிடம் சொன்னாள். "சில பேருக்குப் படிப்பு ஏற ஏறப் புத்தி இறங்குது" என்று அதன் கதவைச் சாத்துவாள்.

இவெலீஸ் நேராகக் கல்வித் துறைக்குப் போனாள். தலைவர் டாக்டர் ஹேகன் என்ற அம்மாள். கார்லிஸ் டேட்டுக்கு ஒரு கைடு வேண்டும் என்றதும் அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினாராம்.

"கார்லிஸ் டேட்டா? அவங்க போய்ச் சேர்ந்துட்டாங்கன்னு நினைச்சேனே!"

"போய்ச் சேரலை. வருஷா வருஷம் உங்க காருக்குப் பாஸ் குடுக்கிறதே அவங்கதான்."

ஹேகன் எழுந்தாராம். ஜன்னலுக்குப் போய்ப் பார்க்கிங் கட்டிடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். "நான் அவங்களுக்கு 'தேங்க்ஸ்' சொல்லியிருக்கேன். பேரைப் பாத்ததே இல்லையே" என்றாராம். கைடாக நானே இருக்கிறேன் என்று அங்கேயே ஒத்துக்கொண்டார். அந்த ஆய்வேட்டைப் படிக்கும் வெளியாளாக இவெலீஸையே கமிட்டியில் போட்டார்கள். மாணவி ஆசிரியைக்குப் பரீட்சை வைக்கப்போகிறாள்! கேட்டதும் கார்லிஸ், "வினை விதைச்சவ வினை அறுப்பா" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

சனிக்கிழமைகள் தலைகீழாகிவிட்டன. சமையல் எங்களுடையது. இவெலீஸின் துவரைச் சோறு வாராவாரம் அடிபிடிக்கும். என் கோழி உள்ளே ரத்தமாக இருக்கும். கார்லிஸ் ஜன்னலோர நாற்காலியில், முதல் முறை அவளுக்கு. அவளைப்போல ஒரு மோசமான மாணவியை நான் கண்டதில்லை. கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுகிறது என்பாள். கண் எரிகிறது என்பாள். பார்க்கிங் ஆபீசில் ஆள் இல்லை என்பாள். நாங்கள் அவளிடம் சொன்ன சாக்குகளையெல்லாம் வரிசை மாறாமல் எங்களிடமே திருப்பிச் சொன்னாள்.

"அந்த இடத்துல பயந்துட்டீங்க. யாருக்குப் பயந்தீங்க?" என்று கரண்டியை நீட்டுவாள் இவெலீஸ்.

"உனக்குத்தாண்டி, பிசாசே!"

சிரித்தோம். பழைய நான்கு அத்தியாயங்களையும் தூசி தட்டித் திருத்திவிட்டாள். ஐந்தாவது மட்டும் அசையவில்லை. ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை நாங்கள் போனபோது அவள் கதவையே திறக்கவில்லை.

வெயில் மண்டையைப் பிளந்தது. என் கார் ரிப்பேரில் இருந்ததால் அம்மாதான் கொண்டுவந்து விட்டிருந்தாள். அப்போதும் என்னோடு பேச்சு கிடையாது. காருக்குள் உட்கார்ந்து ஸ்டியரிங்கிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். இவெலீஸ் சோற்றுப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல் வராந்தாவில் நின்றாள். கொசுவலைக் கதவுக்குப் பின்னால் கார்லிஸின் உருவம் மட்டும் தெரிந்தது.

"வீட்டுக்குப் போங்கடி. அந்தாள் சொன்னது சரிதான். எங்கம்மா கதையை எங்கம்மாதான் சொல்லணும். நான் சொன்னா அது வெறும் புலம்பல். ஊர் சிரிக்கும்."

"கதவைத் திறங்க, டாக்டர்."

"என்னை அப்படிக் கூப்பிடாத!"

அந்தச் சத்தம் தெருவுக்கே கேட்டது. இதோடு முடிந்தது, ஆகஸ்டு போனால் எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அப்போது காரின் கதவு சாத்தப்பட்டது. அம்மா படியேறி வந்தாள். முதுகை நிமிர்த்தி, சபைக்கு வருகிறவள் மாதிரி.

"என்ன சத்தம் இங்க? அக்கம்பக்கத்துல மனுஷங்க இருக்காங்க."

நான் படபடவென்று கொட்டினேன். ரோசெட்டாவை, புதுப் பள்ளியை, பிள்ளைகளை எடுத்துக்கொண்டு டீச்சரை விட்டுவிட்டதை. பாதியிலேயே அம்மாவின் முகம் மாறிவிட்டது. படியில் மெல்ல உட்கார்ந்தாள். நல்ல பாவாடையோடு வெறும் படியில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"எங்க ஊரு அலபாமா," என்றாள் கதவைப் பார்த்து. "மூணாம் வகுப்புல எனக்கு மிஸ் க்ரம். என் கையைப் பிடிச்சு எழுத வெச்சவங்க. புதுப் பள்ளிக்குப் போன அன்னைக்கு அவங்களும் வருவாங்கன்னு வாசல்லயே நின்னேன். வரலை. யாரும் எதுவும் சொல்லலை. நாங்க படுத்தின பாட்டுல கோவிச்சுட்டுப் போயிட்டாங்கன்னு நினைச்சோம். நான்தான் அதுக்கு முந்தின வாரம் மையைக் கொட்டிட்டேன். அதனாலதான்னு நினைச்சேன்."

கொசுவலைக் கதவு அசைந்தது.

"இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான் நினைச்சுட்டிருக்கேன்," என்றாள் அம்மா. "அப்ப, அவங்க எங்க மேல கோவிச்சுட்டுப் போகலையா?"

இந்தப் பெண்மணியின் வயிற்றில் பிறந்து, அவள் கையால் சாப்பிட்டு, அவள் வீட்டிலேயே இருந்து ஆராய்ச்சி செய்தவள் நான். மிஸ் க்ரம் என்ற பெயரை அன்றுதான் முதன்முதலில் கேட்கிறேன்.

கார்லிஸ் கதவைத் திறந்தாள். நைட்டி, கலைந்த தலை. "இல்லைங்க," என்றாள். "துரத்திட்டாங்க. உங்க மேல எந்தத் தப்பும் இல்ல." அம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். படி போதவில்லை, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். "மிஸ் க்ரம்மைப் பத்திச் சொல்லுங்க. மெதுவா. எனக்கு எல்லாம் வேணும்." அவள் திரும்பாமலே என்னிடம் கையை நீட்டினாள். என் பேனாவைக் கொடுத்தேன்.

ஐந்தாவது அத்தியாயம் அங்கே பிறந்தது. ரோசெட்டா ஒருத்தியின் கதையாக மட்டும் இல்லாமல், டீச்சர் வரவில்லையே என்று வாசலில் நின்ற பிள்ளைகளின் கதையாகவும். அம்மா சபையிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்தாள். நரைத்த தலைகள் ஒவ்வொன்றும் ஒரு டீச்சர் பெயரை வைத்திருந்தது. ஒவ்வொருத்தரும் தான்தான் காரணம் என்று நினைத்திருந்தார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பல நாள் தூக்கமே இல்லை.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வு நடந்த அன்று கார்லிஸ் மதிய இடைவேளையில் பார்க்கிங் ஆபீஸ் கோட்டோடேயே வந்தாள். உள்ளே இவெலீஸ் அவளை வறுத்தெடுத்தாளாம். கார்லிஸ் ஒரு கேள்விக்கும் அசரவில்லையாம். பிறகு அவளை வெளியே அனுப்பிவிட்டுக் கமிட்டி கூடிப் பேசியது. கதவு திறந்தது. ஹேகன் கையை நீட்டி, "வாழ்த்துகள், டாக்டர் டேட்" என்றார். அந்தப் பெயரை ஆயிரம் தடவை கேட்ட கார்லிஸ், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள். பின்னால் சுவர்தான் இருந்தது.

ஆகஸ்டிலேயே கார்லிஸின் பட்டம் பதிவாகிவிட்டது, மேடைதான் பாக்கி. டிசம்பரில் இரண்டு பேரும் மேடை ஏறினோம். ஊதாத் தொப்பி கடைசியில் வெளியே வந்தது. அம்மா சபைக்காரர்களோடு நடுவரிசையில், வெள்ளைக் கையுறை சகிதம். கைதட்டாதீர்கள், சத்தம் போடாதீர்கள் என்று வழக்கம்போலக் கெஞ்சினார்கள். "டெல்ஃபீன் மாட்லி" என்று கூப்பிட்டார்கள். கார்லிஸ் என் பின்னால் வந்து ஹூட்டை மாட்டினாள். அவசரத்தில் அது என் காதில் சிக்கியது. அரங்கம் கப்சிப் என்றிருந்தது. கத்த வேண்டியவள் என் முதுகுக்குப் பின்னால் அல்லவா நிற்கிறாள்! அவளால் பொறுக்க முடியவில்லை. மேடையிலேயே, பல்கலைக்கழகத் தலைவருக்கு ஒரு கை தூரத்தில் நின்று, ஒரு கத்து. "அது எங்க டாக்டரு! எங்களுது!" தலைவர் கையிலிருந்த காகிதங்கள் கீழே விழுந்தன. எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

அப்புறம் அவள் முறை. "கார்லிஸ் டேட்."

இந்தத் தடவை ஹூட் என் கையில். அவள் எனக்காகக் குனிந்தாள். மாட்டினேன், சரிசெய்தேன், தோளைத் தட்டினேன். ஒரு சத்தம் இல்லை. எங்களுக்காகக் கத்தியவள் அவள் ஒருத்திதான், அவளுக்காகக் கத்த எங்களில் யாருக்கும் பழக்கமில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கீழே இவெலீஸ் கைக்குட்டையில் முகத்தைப் புதைத்திருந்தாள். கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அழுகையில் காற்றுதான் வந்தது. கார்லிஸ் அதைக் கவனித்தமாதிரி காட்டிக்கொள்ளவில்லை. படியிறங்கத் திரும்பிவிட்டாள்.

நடுவரிசையில் ஊதாத் தொப்பி எழுந்தது. வெள்ளைக் கையுறை இரண்டும் வாயைச் சுற்றிக் குவிந்தன.

"அது எங்க டீச்சரு!" என்று கத்தினாள் என் அம்மா. "எங்களுது!"

அத்தனை தலைகளும் திரும்பின. சபைக்காரர்கள் திகைத்துப்போய் அவளையே பார்த்தார்கள். கார்லிஸ் டேட் ஒரு கால் படியிலும் ஒரு கால் மேடையிலுமாக நின்றுவிட்டாள். நிமிர்ந்து பார்த்தாள், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நான்தான் போய் அவள் முழங்கையைப் பிடித்து இறக்கிவிட்டேன்.